மூடியில் என் கையெழுத்து

வால்டிவியாவில் ஜூலை என்றால் மழை.
நின்றால் ஒரு மழை, நடந்தால் ஒரு மழை,
ஆற்றங்கரை மீன் சந்தைப் படிக்கட்டில்
கடல் சிங்கங்கள் ஏறி வந்து கொட்டாவி விடும் மழை.
பள்ளியின் பின்சுவரோரம் எங்கள் உரத் தொட்டிகள் மூன்று.
மூன்றின் மூடியிலும் சிவப்புப் பெயிண்டில்
நான்தான் எழுதினேன், தலைவி என்ற முறையில்:
இறைச்சி கூடாது. பால் கூடாது.
ரொட்டி கூடவே கூடாது.

செவ்வாய், வியாழன் மாலைகளில்
நான் வேறு கட்சி.
வெள்ளைத் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டு
ஒயார்சூன் டீச்சரின் அடுமனை வகுப்பில்
மர்ராக்கெத்தா பழகுகிறேன்.
மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். அவ்வளவுதான்.
இரண்டு உருண்டையை ஒட்டவைத்து
நடுவில் கோலால் அழுத்திச் சுட்டால்
நாலு துண்டாகப் பிட்க வரவேண்டும்.
எனக்கு வருவது செருப்பு.
"இடது காலா, வலது காலா?" என்று கேட்டுவிட்டு
டீச்சர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

உரச் சங்கக் கூட்டம் மதியம் ஒன்றேகாலுக்கு.
வகுப்பு முடிவது இரவு ஏழுக்கு.
நடுவில் கணக்கு, வேதியியல், ஒரு பேருந்து,
நகக்கண்ணில் காய்ந்த மாவு,
அதற்கும் அடியில் மக்கின கறுப்பு.
சோப்பு வாங்கி மாளவில்லை என்கிறாள் அம்மா.

முதல் தொட்டி
மூன்று வாரமாகப் பத்தொன்பது டிகிரி.
வெப்பமானியைச் செருகினால்
பிணத்தின் வாயில் வைத்த மாதிரி.
நனைந்த முட்டைக்கோஸ், நனைந்த மாத்தே இலை,
நனைந்த எல்லாமும்.
மரத்தூள் தருவதாகச் சொன்ன அறுவை மில்
மழை விடட்டும் என்றது.
பதினொரு உறுப்பினர்கள் நான்கானோம்.

அந்த வியாழக்கிழமை
பதினாறு மர்ராக்கெத்தா கருகியது.
மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.
போனில் யமிலெத்:
"தொட்டி நாறுது. நீ எங்க இருக்க?"

"எடுத்துட்டுப் போ, எட்டு ஜோடி" என்றார் டீச்சர்.
வீட்டுக்குக் கொண்டுபோனால்
மாவு என்ன விலை என்று தொடங்குவார்கள்.
பள்ளியின் பின்கதவு பூட்டவில்லை.
மூடியைத் தூக்கும்போது
என் எழுத்தின் மேலேயே இருந்தது கட்டைவிரல்.

திங்கட்கிழமை எலிகள்.
காவலாளி எலெயுதேரியோ வாளியோடு நின்று
"உங்க ஹோட்டல் நல்லா ஓடுது" என்றார்.
அவசரக் கூட்டம். தலைமை: நான்.
முதல் பொருள்: யார் செய்தது.

ஏழாம் வகுப்பு அன்சேல்மோ கையைத் தூக்கினான்.
"நான்தான். வெள்ளிக்கிழமை. பாதி சாண்ட்விச்.
அவகாடோவ மட்டும் வழிச்சுப் போடலாம்னு நெனச்சேன்,
ரொட்டியும் விழுந்திடுச்சு."
காது இரண்டும் சிவந்திருந்தன.
பாதி சாண்ட்விச்சுக்கு ஆறு எலி வருமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
யமிலெத் குறிப்பேட்டில் பேனாவை ஊன்றினாள்.
நான் வாயைத் திறந்தேன்.
திறந்த வாயிலிருந்து முதலில் வந்தது
"சுத்தியிருந்த காகிதத்தையும் போட்டியா?" என்ற
ஒரு கேவலமான கேள்வி.
அதன் பிறகுதான் மற்றது வந்தது,
எண்ணிக்கையோடு.

யமிலெத் எழுதவில்லை. என்னையே பார்த்தாள்.
அன்சேல்மோ மூக்கை உறிஞ்சினான்.
"கருகினதா, நல்லதா?"
கருகினது.
"அப்ப சரி" என்றான், நீதிபதி போல.

கம்பிவலை வாங்க வேண்டும், காசு என்னுடையது
என்று மட்டும் தீர்மானம்.
நால்வரும் தொட்டிக்குப் போனோம்.
முள்வாரியை இறக்கி ஒரு புரட்டு.
ஆவி.
அடுப்பைத் திறந்தால் அடிக்குமே, அப்படி, நேராக முகத்தில்.
வெப்பமானி ஐம்பத்திரண்டு காட்டியது.
தட்டிப் பார்த்தோம். ஐம்பத்திரண்டுதான்.
மழை அந்த ஆவிக்குள் விழுந்து
காணாமல் போய்க்கொண்டிருந்தது.

மூடியில் உள்ளதைத் திருத்துவதா வேண்டாமா என்பது
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
நாளை செவ்வாய்.